பின்னறைச் சதுப்பு

1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியளவில், இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் அற்புதமலர் வாடகைக்கு இருந்த மூன்றாம் மாடி வீட்டின் பின்னறைக்குள் லத்வியா நாட்டுச் சதுப்புநிலம் ஒன்று வந்து சேர்ந்தது. அன்றைக்குச் சந்தையில் மத்தி மீன் கிலோ நாலாயிரம் லீரா. கடற்பக்கமிருந்து காற்று. குழாயில் தண்ணீர் வராத முறைநாள். காலை ஆறு மணியிலிருந்து மூன்று இத்தாலியச் சிஞ்ஞோராமாரின் வீடுகளைத் துடைத்துவிட்டு, கையில் மீன்பையோடு படியேறி வந்து கதவைத் திறந்த அற்புதமலர், தன் வீட்டு நடையில் தேயிலைச் சாய நிறத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்பதைக் கண்டாள். முதலில் மேல்மாடிக்காரரைத்தான் சந்தேகித்தாள். மேலே போய்க் கதவைத் தட்டி, சத்தம் போட்டு, அவர்களுடைய குளியலறை சருகாகக் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, மன்னிப்புக் கேட்காமலே இறங்கி வந்தாள். பிறகு பின்னறைக் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலும் மேசையும் இருந்தன. மேசைக்கு அப்பால் யன்னல் இருந்த இடத்தில் பாசி, பாசிக்கு அப்பால் இடுப்புயரத்துக்கு மேல் வளராத பைன் மரங்கள், அதற்கும் அப்பால் மூடுபனி. ஒரு தவளை நடைக்கு வந்து அவளுடைய பாதத்தில் ஏறி உட்கார்ந்தது. அற்புதமலர் மீனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு, துடைப்பத்தையும் வாளியையும் எடுத்தாள். ஒரு நாளில் நாலாவது வீடு.

பின்னறை அவளுடைய தங்கை மகள் கிளறாவுடையது. கிளறாவின் தாய் செல்வமலர் பக்கத்து ஊரான பகேரியாவில் பழைய மாளிகை ஒன்றில் ஒரு வயதான சிஞ்ஞோராவோடு இரவும் பகலும் தங்கி வேலை செய்கிறவள். வியாழன் பின்னேரமும் ஞாயிறு அரை நாளும்தான் அவளுக்கு வெளியில் வரலாம். அதனால் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை நகரத்தில் பெரியம்மாவோடு இருந்தாள். அற்புதமலருக்கும் ஒரு பிள்ளை உண்டு. ஊரில், பேசாலையில், கணவன் இராஜதுரையிடம் மூன்று வயது மொனிகாவை ஒப்படைத்துவிட்டு, ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி 1989இல் புறப்பட்டு வந்தவள் அவள். அந்த ஒரு வருடம் இப்போது ஏழு வருடமாகியிருந்தது. சண்டைக்குத் தப்பி இராஜதுரையும் பிள்ளையும் மடுக் கோயில் அகதி முகாமில், ஒரு கொட்டிலுக்குள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு வேண்டிய பத்திரங்களில், வேலைக்கான கடிதமும் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவும் அவளிடம் சரியாக இருந்தன. வீடுதான் இல்லை. மனிதர் குடியிருக்கத் தக்க வீடு என்று நில அளவையாளர் ஒருவர் வந்து பார்த்து எழுதித் தரவேண்டும். ஆறு வருடம் பிறர் வீட்டுக் கட்டில்களில் கிடந்து, இந்த வீட்டை எடுத்து, சுவரெல்லாம் தன் கையால் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த நேரத்தில்தான் சதுப்பு வந்தது. வாழ்க்கையில் ஒருமுறை வீடு எடுத்தால் அதற்குள் தவளை.

லத்வியாவுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதற்குக் காரணமும் அற்புதமலர்தான். அதை அவள் ஒருவருக்கும் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போகிறவர்கள், கதவு திறப்பதற்கு முன்பே சுவரில் ஒரு தாளை ஒட்டி, வந்த ஒழுங்கில் தங்கள் பெயரை எழுதுவார்கள். தாளில் பெயர் இல்லாதவர் அன்றைக்கு உள்ளே போகமாட்டார். இதனால் பலெர்மோத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் ஊறியிருந்தது: சுவரில் கோடு போட்ட தாளைக் கண்டால் முதலில் பெயரை எழுதுவது, என்ன தாள் என்று பிறகு விசாரிப்பது. 1994 ஒக்டோபரில் கிளறாவைப் பல்கலைக்கழகத்தில் பதிய அற்புதமலர் கூடப் போனாள். கிளறா கழிப்பறைக்குப் போன ஐந்து நிமிடத்தில், தாழ்வாரத்துச் சுவரில் ஒருவர் பெயரும் இல்லாத தாள் ஒன்று அவள் கண்ணில் பட்டது. இவ்வளவு சனத்துக்குள் முதலிடம் காலியாகக் கிடக்கிறதே என்று, இதற்கென்றே கைப்பையில் வைத்திருக்கும் பேனையை எடுத்து, கிளறாவின் முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் பெரிய எழுத்தில் எழுதினாள்.

அது பேராசிரியை சாந்தமவுரோவின் லத்விய மொழி வகுப்புக்கான தாள். பதினொரு வருடமாக ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவர் அதை ஒட்டுவதும் டிசம்பரில் வெறுந்தாளாகக் கழற்றி எடுப்பதுமாக இருந்தார். வருடம் முழுவதும் தடிமன் பிடித்த மூக்கோடு திரிகிற சிறிய உருவம். பெயரைக் கண்டதும் தாழ்வாரம் நெடுக ஓடி வந்து கிளறாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளை, அழுகிற ஆளிடம் இல்லை என்று சொல்லத் தெரியாமல் தலையாட்டிவிட்டது. தலையாட்டியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு வருடத்துக்குள் கிளறாவுக்கு அது பிடித்தும் போயிற்று.

"உந்தப் பாசையை எத்தினை பேர் கதைக்கினம்?" என்று அற்புதமலர் ஒருநாள் கேட்டாள்.

"பதினைஞ்சு இலட்சம் பேர் இருப்பினம், பெரியம்மா."

"அதிலை பலெர்மோவிலை எத்தினை பேர்?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப ஆரோடை கதைக்கப் போறாய்?"

கிளறா லத்வியாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள்.

அவளுடைய ஆய்வு இப்படியானது. லத்வியாவில் சதுப்புநிலம் அதிகம். அதை ஒட்டிக் குடியிருந்த சனத்திடம் அந்தச் சேற்றுக்கும் நீருக்கும் நூற்றுக்கணக்கான சொற்கள் இருந்தன; காலை வைத்தால் தாங்குகிற பாசிக்கு ஒன்று, தாங்காததற்கு ஒன்று. சோவியத் ஆட்சியில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து வயலாக்கினார்கள், தனித்தனி வீட்டுக்காரரைக் கூட்டுப்பண்ணைக் குடியிருப்புகளுக்கு நகர்த்தினார்கள். நிலம் போனபோது சொல்லுக்கும் வாழ்க்கைக்கும் என்ன ஆனது என்பது கேள்வி. கிளறா முப்பத்தொரு கேள்விகள் கொண்ட தாளை நாட்டுப்புறப் பள்ளிக்கூடங்களுக்கும் வனக்காவலர்களுக்கும் தபாலில் அனுப்பினாள். பலெர்மோவிலிருந்து ஒரு தமிழ்ப்பெண் தங்கள் மொழியில் பிழையில்லாமல் சேற்றைப் பற்றிக் கேட்கிறாள் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதியவர்கள், பதினான்காவதை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். வடித்த தண்ணீர் எங்கே போனது என்பது அந்தக் கேள்வி. அர்வீத்ஸ் என்ற வனக்காவலர் ஒருவர்தான் அதற்கு நேரே ஒரு வரி எழுதியிருந்தார்: நாங்களும் அதைத்தான் தேடுகிறோம். அவருடைய உறை வந்தது நவம்பர் பன்னிரண்டாம் திகதி. கிளறா அதை வாசித்து, மற்றவற்றோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு சொல்லைச் சரிபார்க்க நூலகம் போயிருந்த நேரத்தில்தான் மேலே சொன்னது நடந்தது.

பிறகு ஒவ்வொரு தபாலுக்கும் சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. கீழ்வீட்டுக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஒழுகியிருந்தால் வீட்டுக்காரரிடம் முறையிட்டாவது இருக்கலாம். எல்லாம் அற்புதமலரின் நடைக்குத்தான் வந்தது. கிளறா காலில் பலகை கட்டிக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தோடு பாசிக்குள் போய்விட்டுப் பொழுதுபடச் சேறும் சகதியுமாக வருவாள். இன்றைக்கு மூன்று சொல்லுக்குப் பொருள் பிடிபட்டது என்று முகம் மலரச் சொல்வாள். அற்புதமலர் பின்னறை வாசற்படியில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறினாள். "இந்தக் கோட்டுக்கு இஞ்சாலை என்ரை வீடு. அங்காலை உன்ரை நாடு. நான் அங்கை கால் வைக்கமாட்டன், உன்ரை நாடு இஞ்சை வரப்படாது," என்றாள். அவள் தன் பக்கத்துச் சொல்லைக் காப்பாற்றினாள். லத்வியா காப்பாற்றவில்லை. தவளைகள் வந்தன, நுளம்பு வந்தது. 1997 மே மாதத்தில் கிளைத்த கொம்போடு மாடு அளவான மான் ஒன்று நடையைக் கடந்து வந்து, பல்கனியில் அவள் வளர்த்த பசிலிக்கோத் துளசிச் செடியை முழுவதும் மேய்ந்தது. துடைப்பத்தால் இரண்டு அடி வாங்கிக்கொண்டு வந்த வழியே போயிற்று. பங்குத்தந்தையைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கச் சொன்னாள். அவர் பின்னறையைப் பார்த்து, தீர்த்தம் தெளித்து, உள்ளே காளான் முளைக்கிறதா என்று விசாரித்து, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனார். வியாழக்கிழமைகளில் வந்த செல்வமலர் மட்டும் மகள் படிக்கிறாள் என்று சந்தோசப்பட்டாள். வியாழக்கிழமை வந்து போகிறவளுக்குத் துடைக்கிற கஷ்டம் தெரியுமா.

இந்தச் சதுப்பினால் ஒரு நன்மையும் இல்லை என்று சொன்னால் அது பொய். பலெர்மோவில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும், கோடையில் மூன்று நாள், நாலு நாள். கட்டடத்துச் சனம் முழுவதும் வாளியோடு அற்புதமலரின் வாசலில் நின்றது. துணி துவைத்தால் மஞ்சள் பிடிக்கும், சோறு தேயிலை நிறத்தில் வரும். ஆனால் தண்ணீர் தண்ணீர்தான். ஓகஸ்ட் மாதத்துச் சூட்டில் முதல்மாடிக் கிழவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னறை வாசலில் குளிருக்குப் போர்த்தபடி இருந்து பத்திரிகை வாசிப்பார். ஒருவரும் இதென்ன என்று கேட்கவில்லை. பாதி மாளிகைகள் கூரையில்லாமல் கிடக்கும் தெருவில் ஒரு அறைக்குச் சுவர் இல்லாதது பெரிய காரியமில்லை. அற்புதமலருக்கு இது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஊரே சேர்ந்து ஆச்சரியப்பட்டிருந்தால், ஊரே சேர்ந்து ஒரு வழி பண்ணியிருக்கும்.

1998இல் குடும்பத்தைக் கூப்பிடுவதற்குப் புதுச் சட்டம் வந்தது. அளவையாளர் ஜூன் ஒன்பதாம் திகதி வருவார் என்று கடிதம் வந்தபோது, அற்புதமலர் அதை மூன்று தரம் வாசித்துவிட்டுப் பின்னறை வாசலில் போய் நின்றாள். கிளறா முட்டளவு பாசிக்குள் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அற்புதமலர் சொன்னவற்றை முழுவதும் எழுதத் தேவையில்லை. ஒன்பது வருடமாகத் தன் பிள்ளையின் தலையைத் தடவாதவள், இன்னொருத்தியின் பிள்ளைக்குச் சமைத்துப் போட்டு, அவள் கொண்டுவந்த சேற்றையும் துடைக்கிறாள் என்பதுதான் சாரம். கடைசியில், "உனக்குச் சேறு வேணுமோ, மொனிகா வரவேணுமோ?" என்று கேட்டாள். கிளறா பதில்தாள்கள் எல்லாவற்றையும் இரண்டு சூட்கேசுகளில் அடுக்கி, நகரத்தின் இன்னொரு பகுதியான பிரான்காச்சோவுக்குப் பேருந்து ஏறினாள். அங்கே அவளோடு படிக்கும் மொரிசியஸ் பெண் நடாலி இருந்தாள். அவளுடைய தகப்பன் அலான் மோட்டார்சைக்கிள் திருத்துகிற பட்டறை வைத்திருந்தார். சூட்கேசுகள் படியிறங்கிய இரண்டு மணித்தியாலத்தில் சதுப்பு வடிந்து, பின்னறைக்கு யன்னலும் நாலு சுவரும் வந்தன. அற்புதமலர் வெளுப்புநீர் ஊற்றித் தேய்த்தாள். இரண்டு கைகளும் வெந்து போயின, மனம் பூரித்துப் போயிற்று.

அளவையாளர் மான்னினோ மெலிந்த, மரியாதையான மனிதர். காலணியைக் கால்மிதியில் நன்றாகத் துடைத்துவிட்டு வந்தார். சுவர்களைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று எழுதினார். வீடு சுத்தம் என்று தலையசைத்தார். பிறகு நாடாவைப் பிடித்து அளந்தார். கிளறாவின் பதிவும் இதே முகவரியில் இருந்ததால் நாலு பேர். நாலு பேருக்கு ஐம்பத்தாறு சதுர மீற்றர் வேண்டும். வீடு நாற்பத்தொன்று. பதினைந்து மீற்றர் குறைகிறது, சிஞ்ஞோரா, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். அற்புதமலர் அந்த வெளுத்த, உலர்ந்த, அருமையான தரையில் உட்கார்ந்து அழுதாள். ஈரமென்றால் துடைக்கலாம். சின்ன வீட்டை எதால் துடைப்பது? அவளுக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. திட்டுவதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கிளறா வரவில்லை. ஆய்வை விடப்போவதாகவும் ஏதாவது வீட்டில் வேலை தேடப்போவதாகவும் செல்வமலர் ஒரு வியாழக்கிழமை வந்து சொன்னாள். சொல்லும்போது தமக்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜூலையில் அற்புதமலர் புனித ரொசாலியாவின் மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறினாள். கால் புண்ணானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஓகஸ்ட் முதற்கிழமை மடுவிலிருந்து கடிதம் வந்தது. வழக்கமாக இராஜதுரை எழுதுவார், அடியில் மொனிகா ஒரு பூ கீறுவாள். இந்த முறை மொனிகாவே எழுதியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சாய்ந்த எழுத்து. இங்கே கொட்டிலுக்குள் கால் நீட்டிப் படுத்தால் அடுத்த வீட்டுக்காரரின் தட்டி இடிக்கிறது, வெளியே ஓடினால் ஏசுகிறார்கள். உங்கள் வீடு எவ்வளவு பெரிசு, அங்கே ஓடுவதற்கு இடம் இருக்குமா என்று கேட்டிருந்தாள். அற்புதமலர் கடிதத்தை மடித்தாள். பின்னறை வாசலுக்குப் போய், அழிந்துபோன சோக்கட்டிக் கோட்டுக்கு இப்பால் நின்று, மூன்று மீற்றருக்கு அப்பால் நின்ற சுவரைப் பார்த்தாள். இதே இடத்தில் கண்ணெட்டும் தூரம் வெளி கிடந்தது. அதை அவள்தான் துரத்திவிட்டிருந்தாள். தன்மேல் அவளுக்கு வந்த கோபம், அளவையாளர் மேலும் லத்வியா மேலும் வந்த கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பிரான்காச்சோவுக்குப் போனாள். பட்டறையின் பின்பக்கம் ஏற்கெனவே பாசி பிடித்திருந்தது. அலான் அதன் ஓரத்தில் கதிரையைப் போட்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருந்தார். வாழ்க்கையில் முதற்தடவையாகச் சூடில்லாத ஓகஸ்ட் என்று சொன்னார். கிளறா சூட்கேசின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"உன்ரை சேத்தை எடுத்துக்கொண்டு வா, பிள்ளை," என்றாள் அற்புதமலர்.

"நாறுது எண்டு சொன்னனீங்கள்."

"நாறுதுதான். இப்பவும் நாறுது." பாசி ஓரமாக வந்து நின்றாள். "வீடு சின்னனாப் போச்சு, கிளறா. நீ இல்லாமலும் சின்னனாப் போச்சு. மொனிகா ஓட இடம் கேக்கிறாள்."

கிளறா எழுந்து ஒரு சூட்கேசைத் தூக்கினாள். மற்றதைப் பெரியம்மாவே தூக்கினாள். பேருந்தில் அந்தச் சூட்கேசிலிருந்து நீர் கசிந்து இருக்கைகளுக்கடியில் ஓடியது. மீன் கொண்டுபோவதென்றால் ஐஸ் போடாமல் கொண்டுபோ என்று சாரதி கத்தினார். இது மீனில்லை, என் வீட்டு அறை என்று அற்புதமலர் இத்தாலியனில் திருப்பிக் கத்தினாள்.

சதுப்பு அன்று பின்னேரமே திரும்பி வந்தது. முன்பைவிடப் பெரிதாக, கோபித்துக்கொண்டு போன விருந்தாளி திரும்பி வந்தமாதிரி மூட்டைமுடிச்சோடு வந்தது. இந்த முறை ஒரு ஏரியும் இருந்தது. அற்புதமலர் இரண்டாம் தரம் விண்ணப்பம் போட்டாள். செப்டெம்பர் இருபத்தேழாம் நாளுக்குள் பார்த்துவிடுவார்கள் என்றார்கள், பார்த்துவிட்டார்கள். மான்னினோ அதே கால்மிதியில் காலணியைத் துடைத்துவிட்டு வந்தார். முன்னறை, சமையலறை, நடை எல்லாம் முன்பு அளந்ததுதான். பின்னறைக் கதவைத் திறந்ததும் சற்று நின்று, கிளறாவின் மிதிபலகைகளைக் கேட்டு வாங்கிக் காலில் கட்டினார். இருபது மீற்றர் நாடாவின் நுனியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு மூடுபனிக்குள் போனார். நாடா முடிந்து, நுனி கழன்று, அவர் பின்னால் பாம்பாக இழுபட்டு மறைந்தது. அற்புதமலர் மறுபடியும் கீறிய சோக்கட்டிக் கோட்டுக்கு இப்பால் நின்று செபமாலையை உருட்டினாள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து மான்னினோ தொப்பி நிறையச் சிவப்புச் சிறுபழங்களோடு வந்து, கதிரையில் இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டுக் குடித்தார். குடித்துவிட்டு எழுதினார். பரப்பளவு: தோராயமாக நாலு ஹெக்டேயர், மறுகரைக்கு மேல் அளக்கவில்லை. தண்ணீர் வசதி: தடையின்றி. காற்றோட்டம்: நன்று. சுவர்களில் ஈரம் என்ற இடத்தில் பேனை நின்றது. அற்புதமலரின் விரலில் செபமாலையும் நின்றது. மான்னினோ முன்னறைச் சுவரைத் தொட்டார், உலர்ந்திருந்தது. சமையலறைச் சுவரைத் தொட்டார், உலர்ந்திருந்தது. பின்னறைக்குப் போய்த் தொடுவதற்குச் சுவர் ஒன்றும் இல்லாததால், ஈரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அலுவலகத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐம்பத்தாறுக்குக் குறைந்தால்தான் அவர்களுக்குப் பிரச்சினை.

டிசம்பரில் கிளறா ஆய்வைச் சமர்ப்பித்தாள். கறுப்பு அங்கி போட்ட ஏழு பேர் நீள மேசையில் இருந்தார்கள், சாந்தமவுரோ மூக்கைத் துடைத்துக்கொண்டு நடுவில் இருந்தார். அற்புதமலரும் செல்வமலரும் பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் இருந்தார்கள். ஒரு பேராசிரியர், இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பதினான்காவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே, அந்தக் கேள்வியை நீக்கியிருக்கலாமே என்றார். ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று கிளறா சொன்னாள்; இருநூற்றுப் பதின்மூன்றாவது தாளை எடுத்து வாசித்தாள். பெயர் அற்புதமலர், தொழில் வீட்டு வேலை, வடித்த தண்ணீர் எங்கே போனது: என்னுடைய நடைக்கு. மண்டபம் சிரித்தது. அற்புதமலர் எழுந்து நின்று, இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, இரண்டு வருடம் துடைத்தவள் நான் என்று இத்தாலியனில் சொன்னாள். சாந்தமவுரோ மட்டும் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார். கிளறாவுக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.

1999 மார்ச் மாதம் இராஜதுரையும் மொனிகாவும் வந்து இறங்கினார்கள். இராஜதுரையின் தலை முழுவதும் நரைத்திருந்தது. மொனிகா தாயின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். பத்து வருடமாக இந்த நிமிடத்தை நினைத்து நினைத்துத் துடைப்பத்தோடு பேசிக்கொண்டிருந்த அற்புதமலரை அவள் பார்த்து, தன் காலிலிருந்த புதுச் சப்பாத்தைப் பார்த்து, மெல்ல, "வணக்கம், அன்ரி" என்றாள். இராஜதுரை தலையைக் குனிந்துகொண்டார். அற்புதமலர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். வீட்டில் சோறு போட்டாள்; அன்ரி, தண்ணி தாங்கோ என்றது பிள்ளை. அன்ரி, நான் எங்கை படுக்கிறது என்றது. பத்து வருடம் காத்திருந்தவளுக்கு அந்தச் சொல் ஒவ்வொருமுறையும் தலையில் குட்டியதுபோல இருந்தது. பிள்ளையில் பிழையில்லை என்று தெரிந்ததனால் எரிச்சல் இன்னும் கூடியது.

மூன்றாம் நாள் பின்னேரம், கிளறா நூலகம் போயிருந்தபோது, மொனிகா பின்னறைக் கதவைத் திறந்தாள். திறந்த கதவும், பாசியில் சின்னச் சப்பாத்தின் தடங்களும்தான் அற்புதமலர் கண்டது. மொனிகா என்று கூப்பிட்டாள். மிதிபலகையைத் தேடவும் தோன்றவில்லை. இரண்டரை வருடத்தில் சதுப்பு கிடந்த ஒருநாளும் தாண்டாத கோட்டை, வீட்டுச் செருப்போடு தாண்டி ஓடினாள். முதல் அடியில் செருப்புப் போயிற்று. எது தாங்கும் எது தாங்காது என்று கிளறா சாப்பாட்டு மேசையில் அலட்டிய சொற்கள் எல்லாம், அவள் கேட்காததுபோலக் கேட்டிருந்தவை, கால்களுக்குத் தானாக வந்தன. ஏரிக்கரையில் மொனிகா ஒரு கால் தொடை வரை புதைந்து, அசையாமல், வாய் கோணி நின்றாள். தாயைக் கண்டதும் அழுகை உடைந்தது.

"அம்மா, சப்பாத்துப் போட்டுது."

அற்புதமலர் அவளை அக்குளில் பிடித்து இழுத்து எடுத்தாள். எடுத்ததும் ஏசத் தொடங்கினாள். புதுச் சப்பாத்துக்காக ஏசினாள், கேளாமல் கதவைத் திறந்ததற்கு ஏசினாள், தலை வாரவில்லை என்று ஏசினாள், காய்ச்சல் வந்தபோது மருந்து குடிக்கமாட்டேன் என்று தகப்பனைப் படுத்தியதாக 1993இல் வந்த கடிதத்துக்கு ஏசினாள், முதற்பல் விழுந்ததைத் தனக்கு எழுதாததற்கு ஏசினாள். பத்து வருடத்து ஏச்சும் ஒன்றுவிடாமல் அவளிடம் சேர்ந்து கிடந்தது. மொனிகா ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டிக்கொண்டு, தாயின் கையை விடாமல், ஓம் அம்மா, ஓம் அம்மா என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற இராஜதுரை விலகி வழிவிட்டார். அற்புதமலர் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, பிள்ளையை நடையில் நிறுத்தி, காலைக் கழுவிவிட்டாள்.

அந்தச் சப்பாத்து இன்னும் அகப்படவில்லை. தபால் இப்போதும் வருகிறது, கிழமைக்கு ஒன்று, இரண்டு. செவ்வாயும் வெள்ளியும் அற்புதமலர் நடையைத் துடைக்கிறாள். மொனிகா வாசற்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால், தலையைத் திருப்பாமலே, காலைக் கழுவிப்போட்டு வா என்கிறாள்.